ஒரு நகரத்தின் திட்டம் இன்னொரு நகரத்தில் எடுபடுமா?

தெருவோரன்:
நகரத் திட்டமிடல் ஆய்வுகளை நாடுகள் பகிர்ந்துகொண்டால் காசும் காலமும் மிச்சம் என்கிறார்கள். பாதிக்கு மேல் வீண் என்பேன். பிரேசிலின் குரிடிபா 1974-இல் பேருந்துக்குத் தனித்தடம் போட்டது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-இல் அதைப் பெரிய அளவில் செய்தது. டெல்லியும் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. போட்டது. கார்க்காரர்கள் கொதித்தார்கள், கோர்ட் வரை போனார்கள். 2016-இல் தடத்தையே பெயர்த்தாகிவிட்டது. அங்கே ஓடியது இங்கே ஏன் படுத்தது?

வரைபடப்பித்தன்:
அவசரம் வேண்டாம் நண்பரே. டெல்லி எடுத்துக்கொண்டது தடத்தை மட்டும்தான். பொகோட்டாவில் நிலையத்துக்குள் நுழையும்போதே டிக்கெட் முடிந்துவிடும். நடைமேடையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டம், படியேறும் வேலையில்லை. கதவு திறந்ததும் கூட்டம் ஏறி இறங்கிவிடும். தடத்துக்குள் அந்த அமைப்பின் பேருந்துகளுக்கு மட்டுமே அனுமதி. டெல்லியில் அந்தப் பக்கம் போகிற எல்லாப் பேருந்தும் நுழையலாம், டிக்கெட் உள்ளே நடத்துநரிடம். ஒன்று பழுதாகி நின்றால் பின்னால் வருவதெல்லாம் வரிசை கட்டும். அகமதாபாத் 2009-இல் பொகோட்டா போலத் தன் பேருந்துகளை மட்டும் தடத்தில் விடும் மூடிய முறையில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. அதுவும் இந்தியாதானே?

தெருவோரன்:
சரி, இந்த விவரமெல்லாம் எந்த மாநாட்டு மேடையில் வருகிறது? பளபளக்கும் படம்தான் வருகிறது. 2012 மார்ச்சில் சேவை போதவில்லை என்று பொகோட்டாவில் போராட்டம் வெடித்து நிலையங்களை அடித்து நொறுக்கினார்கள். விற்க வருகிறவர் அதைச் சொல்வாரா?

கணக்கன்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நெரிசல் கட்டணத்தைப் பாருங்கள், கூட்டத்தைக் குறைக்க நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் வாங்குவது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ 2005-இல் முதலில் வாக்கெடுப்பு வைத்தது. நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், கதை முடிந்தது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் 2006-இல் முதலில் ஏழு மாதம் வசூலித்துக் காட்டியது. கட்டண எல்லைக்கோட்டைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்தன. தெரு காலியானதை மக்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் வாக்குப்பெட்டி வந்தது. நகரவாசிகள் ஆதரித்தார்கள், 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதுதான் பகிர வேண்டிய சங்கதி.

வரைபடப்பித்தன்:
சபாஷ். அதற்கு எந்த நாடாக இருந்தால் என்ன!

தெருவோரன்:
அங்கேதான் இடிக்கிறது. ஸ்டாக்ஹோம் தீவுகளின் மேல் நிற்கிற ஊர். பெரும்பாலும் பாலங்களைத் தாண்டித்தான் நகருக்குள் வரவேண்டும். 18 இடத்தில் கேமரா வைத்ததும் வேலை முடிந்தது. நாலாபுறமும் சந்து பிரிகிற நகரம் என்ன செய்யும்? இந்த மண்வாகு எந்த அறிக்கையின் சுருக்கத்திலும் வராது.

கணக்கன்:
லண்டன் என்ன தீவுக்கூட்டமா? 2003-லேயே மைய வட்டாரம் முழுக்கக் கேமரா வைத்து நடத்திவிட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் வசூலான பணத்தில் கணிசமான பங்கை வசூல் ஏற்பாடே தின்றது, அது உண்மை.

தெருவோரன்:
அப்படி வாருங்கள். அந்தச் செலவுக் கணக்கை முதல் பக்கத்தில் போடுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். ஸ்டாக்ஹோம்காரரை மேடையேற்றும்போது பக்கத்து நாற்காலியில் எடின்பரோக்காரரையும் உட்கார வையுங்கள்.

வரைபடப்பித்தன்:
டெல்லிக்காரருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். கேள்வி கேட்க நான் வருகிறேன்.