60 வாட் பல்பு: கணக்கில் 882 ஓம், மீட்டரில் 64. எது பொய்?

கேள்விக்குறி:
230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு. வாட்டை வோல்ட்டால் வகுத்தேன், 0.26 ஆம்பியர் வந்தது. வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் சுமார் 882 ஓம். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 64 ஓம்! இதுதான் நிஜம் என்றால் 3.6 ஆம்பியர் ஓடி 826 வாட் எரிய வேண்டும். சூத்திரமெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் போல.

சாலிடர்புகை:
சூத்திரத்தை ஏன் திட்டுறீங்க? நீங்க அளந்தது ஆறிக் கிடந்த பல்பை. எரியும்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,400 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்குது. சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறும், பத்து மடங்குக்கும் மேலே போகும். 64-ம் சரி, 882-ம் சரி.

கேள்விக்குறி:
நேரத்துக்கு ஒரு தடை என்றால் ஓம் விதி பொய் என்றுதானே ஆகிறது? போதாததற்கு, 3.6 ஆம்பியர் ஒரு நொடியாவது ஓட வேண்டுமே.

சாலிடர்புகை:
ஓடுது. ஒரு நொடிகூட இல்லை, அதில் சிறு பங்கு. அதற்குள் இழை சூடாகிடும். பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவதைப் பார்த்ததில்லையா?

நேர்கோடு:
இரண்டு பேரும் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறீர்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது தடை. இது வரையறை, எந்தப் பொருளுக்கும் பொருந்தும். 'அந்தத் தடை மாறாமல் இருக்கும்' என்பதுதான் ஓம் விதி, அதுவும் வெப்பநிலை மாறாதவரை. பல்பு அந்த விதிக்குள் அடங்காது. அதனால் விதி பொய்யாகிவிடாது.

சாலிடர்புகை:
வரையறை, விதி என்று பிரிப்பது வாத்தியார் வேலை. நான் அளந்ததைச் சொல்றேன். 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு. 3 வோல்ட்டில் 0.8 ஆம்பியர். 6 வோல்ட்டில் 1.2. 12 வோல்ட்டில் 1.75. ஓம் கணக்கில் 3.75, 5, கிட்டத்தட்ட 6.9. வோல்ட்டை 6-லிருந்து 12 ஆக்கினால் வாட் நாலு மடங்கு ஆகணும் என்பார்கள். ஆனது 7.2-லிருந்து 21, மூணு மடங்குகூட இல்லை. (ஆறிய பல்பை ஓம் பக்கம் வைத்து அளக்கிறவர்கள் முதலில் மீட்டர் முனை இரண்டையும் முட்டவைத்துப் பாருங்க. ஒயருக்கே 0.2 ஓம் காட்டும், அதைக் கழிச்சிடணும்.)

நேர்கோடு:
நீங்கள் மூன்று இடத்திலும் வகுத்தது என் 'வரையறை'யைத்தான் :) நாலு மடங்கு என்று எதிர்பார்த்தது விதியை நம்பி.

கேள்விக்குறி:
சரி, பல்பு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஹீட்டருக்கும் இதே கதையா?

நேர்கோடு:
இல்லை. ஹீட்டருக்குள் சூடாகும் நைக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியின் தடை சூட்டில் சில சதவீதம்தான் ஏறும். அங்கே உங்கள் மீட்டரும் கணக்கும் ஒத்துப்போகும். மோட்டாருக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். மாறுமின்னோட்டத்தில் அதற்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது, திறன் காரணியாலும் (அந்தப் பெருக்கலில் உண்மையில் வாட் ஆகும் பங்கு) பெருக்க வேண்டும்.

கேள்விக்குறி:
கடைசியாக ஒன்று. பல்பு எரியும்போதே மீட்டரை ஓம் பக்கம் வைத்தால் 882 காட்டுமா?

சாலிடர்புகை:
ஐயோ, வேண்டாம்! ஓம் பக்கத்தில் மீட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து சின்னக் கரண்ட் அனுப்பித்தான் அளக்குது. அதில் 230 வோல்ட் பாய்ந்தால் மீட்டரும் போகும், கையும் போகும். எரியும் பல்புக்கு வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வகுப்பதுதான் வழி.