பள்ளி மேலாண்மைக் குழு: மூன்று பேர் நிற்கிறார்கள், யாருக்குக் கை தூக்குவது?

கெடிலக்கரை அம்மா:
வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் என் மகள் நான்காவது படிக்கிறாள். மேலாண்மைக் குழுவை மறுபடி அமைக்கிறார்களாம், சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் வரச்சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. போன தடவை நான் போகவில்லை, தலைவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது, அது என் தப்புதான். இந்தத் தடவை தலைவர் பதவிக்கு மூன்று பேர் பெயர் அடிபடுகிறது. ஒருத்தர் எங்கள் தெரு மகளிர் குழுத் தலைவி, கணக்கு வழக்கெல்லாம் அத்துப்படி, ஆனால் எதைக் கேட்டாலும் "ஹெச்எம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். இன்னொருத்தர் வீட்டுக்காரர் கட்சியில் இருக்கிறார், வீடு வீடாக வந்து ஆதரவு கேட்பதும் அவர்தான், அந்த அக்கா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது, பேருந்து நிலையத்துக்கிட்டே பூ விற்கிற அக்கா. எட்டாவதோடு நின்றுவிட்டவர். ஆனால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் முட்டை கெட்டுப்போய் வந்தபோது, வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்த எங்களையெல்லாம் விலக்கிவிட்டு அந்த முட்டையோடு உள்ளே போனவர் அவர் ஒருத்தர்தான். யாருக்குக் கை தூக்கலாம்? என்ன கேட்க வேண்டும்? முதலில், இந்தக் குழுவால் ஏதாவது ஆகுமா, இல்லை கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதுதானா?

முதுநகர் அப்பா:
டீதான். 2022-ல் 20 பேர் குழுவில் நானும் ஒருவன். தீர்மான நோட்டில் மாதா மாதம் ஒரே வரி, "சுற்றுச்சுவர் கட்டித் தர வேண்டுதல்". சுவர் இன்னும் வரவில்லை, நோட்டு மட்டும் தீர்ந்துபோய் இரண்டாவது நோட்டு வாங்கினோம்.

செம்மண்டலம் சுதா:
முதுநகர் அண்ணே, அந்த வரியை ஒரு தடவையாவது வாசித்துப் பார்த்தீர்களா, எத்தனை அடி சுவர், எந்தப் பக்கம், யாருக்கு மனு என்று அதில் ஏதாவது இருந்ததா? கோபிக்காதீர்கள், எங்கள் குழுவிலும் முதல் ஆறு மாதம் இதே கதைதான்.

கெடிலக்கரை அக்காவுக்கு: இது பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம் இல்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் வருகிற குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-ல் இதை 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், இரண்டு வருஷப் பதவி. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வந்த பணம் எதற்குச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துக் கொடுப்பது, இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, குழுவின் வேலையே அதுதான்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்பிள்ளைகள் கழிப்பறையில் மூன்று கதவு, ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், துணைக்கு ஆள் இல்லாத பிள்ளை சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறு கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டு பற்றியே பேசினோம், ஏழாவதில் ஒரு அம்மா எழுந்து "சார், கதவுக்கு ஒரு கொண்டி போட எவ்வளவு ஆகும்?" என்றார். அடுத்த வாரமே போட்டாயிற்று. அதனால் மூன்று பேரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பிள்ளையின் பள்ளிக் கழிப்பறைக்குள் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்?

லாஸ்பேட்டை வாசி:
உங்கள் ஊரில் கவுன்சிலராவது குழுவில் வந்து உட்காருகிறார். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல் ஒரு தடவை நடந்தது, அந்தப் பதவிக்காலமும் 2011-ல் முடிந்தது. தெருவிளக்குக்கே போய்ச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. கட்சிக்காரர் மனைவி பற்றி: ஆள் கட்சி என்பதற்காகவே ஒதுக்காதீர்கள், பொறியாளரைப் பார்க்க, மனு நகர்த்த அவர்கள் உதவுவார்கள். ஆனால் கூட்டத்துக்கு அக்கா வருவாரா, அவர் பெயரில் வீட்டுக்காரர் வருவாரா, அதை முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

பழைய வாத்தியார்:
தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளதைச் சொல்கிறேன், எங்களுக்குப் பிடித்த தலைவர் "சரிங்க சார்" சொல்பவர்தான். அவர் இருந்தால் கூட்டம் இருபது நிமிஷத்தில் முடியும். பிடிக்காதவர் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்பவர், முழுதாக எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பவர். ஆனால் எனக்கு ஏதாவது வந்தது என்றால் அந்தப் பிடிக்காதவரால்தான். 2024 ஃபெஞ்சல் புயல் சமயத்தில், தென்பெண்ணை வெள்ளத்துக்குப் பிறகு என் நண்பர் பள்ளியில் தரைத்தளம் முழுக்கச் சேறு. அவர் எழுதிய கடிதம் எங்கே போனதோ தெரியாது. குழுத் தலைவியும் பத்து அம்மாக்களும் தீர்மானத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் ஆள் வந்தது. ஹெச்எம் போய் அப்படி உட்கார முடியாதும்மா, அவருக்கு மேலதிகாரி இருக்கிறார். அம்மாக்களுக்கு யார் மேலதிகாரி?

பூக்கார அம்மா எட்டாவது என்கிறீர்கள். படிக்கத் தெரியுமல்லவா, போதும். எழுதுவதற்கு மகளிர் குழுத் தலைவியை உறுப்பினராகப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதுநகர் அப்பா:
சுதா, நோட்டை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை அடி என்று எழுதவில்லைதான்.

கெடிலக்கரை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சுதா சொன்ன கேள்வியை இன்று மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன். மகளிர் குழு அக்கா சிரித்துவிட்டு, போனதே இல்லை என்று ஒத்துக்கொண்டார், வாத்தியார் சார் சொன்ன மாதிரி உறுப்பினராக இருந்து எழுதித் தரச் சம்மதம் என்றும் சொன்னார். இரண்டாவது அக்கா வீட்டில், "எல்லாம் பார்த்தாச்சும்மா, புதுசாவே கட்டிடலாம்" என்று வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பூக்கார அக்கா மட்டும் கடைசி கதவுக்குள் குழாய் இருக்கிறது, திருகு இல்லை, பிள்ளைகள் வெளியிலிருந்து மக்கில் தண்ணீர் மொண்டுபோகிறார்கள் என்றார்.

ஆனால் சனிக்கிழமை முகூர்த்த நாளாம், வியாபாரத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். கூட்டம் முடியும் வரை கூடைக்கு என் அம்மாவை உட்கார வைப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன். அம்மா முழம் போட்டால் கை தாராளமாகப் போய்விடும், நஷ்டத்தை நான் தருகிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.