தொடர்கொலையாளிகள் பற்றிய புத்தகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

கூழாங்கல்:
நேராகவே கேட்டுவிடுகிறேன். அமெரிக்கத் தொடர்கொலையாளிகளில் டெட் பண்டி என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, ஜெஃப்ரி டாமர் என்றாலும் தெரிகிறது. அவர்கள் கொன்றவர்களில் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அட்டையில் கொலைகாரன் முகம், உள்ளே அவன் சிறுவயது, அவன் போட்ட திட்டம், அவன் எவ்வளவு புத்திசாலி என்கிற வியப்பு. செத்தவர்கள் அத்தியாயத்துக்கு ஒருவராக வந்து போகிறார்கள். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டால் "மனித மனத்தைப் புரிந்துகொள்ள" என்று பதில் வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு பயத்தை ருசிக்கிறோம். கற்பனை என்றால் எனக்கு ஆட்சேபமே கிடையாது, துப்பறியும் நாவல் நானும் படிப்பேன். இங்கே செத்தவர்கள் நிஜமானவர்கள், அவர்களுடைய அம்மாக்களும் தம்பிகளும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இரவுவாசகி:
ருசி இருக்கிறது சகோ, அதை மறைப்பானேன். ஆனால் எதில் ருசி என்பதைப் பாருங்கள். ஆன் ரூல் எழுதிய 'த ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மி' 1980இல் வந்தது. அவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி மையத்தில் டெட் பண்டியோடு இரவுப் பணி பார்த்தவர். சாகத் துணிந்தவர்களிடம் அவன் பொறுமையாகப் பேசித் தேற்றியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர். இளம்பெண்கள் காணாமல் போகும் வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுத ஒப்பந்தம் போடுகிறார், தேடப்படுபவன் தன் நண்பன் என்பது அப்புறம்தான் தெரிய வருகிறது. இத்தனைக்கும் ரூல் முன்னாள் போலீஸ்காரர். ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புத்தகம் தூக்கத்தைக் கெடுத்ததும் அதனால்தான், கொலை விவரங்களால் இல்லை.

இன்னொன்று. 2010இல் விக்கரி, ஃப்ரேலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், இந்த வகைப் புத்தகங்கள் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் இழுக்கின்றன என்று கண்டார்கள். கொலையாளியிடமிருந்து தப்பிக்கும் உபாயம் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் பெண்களின் விருப்பம் இன்னும் கூடியது. பாதுகாப்புக்காகப் படிக்கிறோம் என்று நாங்கள் சொல்வது சும்மா சாக்கு இல்லை.

கூழாங்கல்:
பாதுகாப்புக்காக என்றால் தவறான இடத்தில் தேடுகிறீர்கள் என்பேன். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் சொல்கிற கணக்கு இது: 2023இல் உலகம் முழுக்க வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அதில் ஏறக்குறைய 51,000 பேரைக் கொன்றவர்கள் கணவன், காதலன் அல்லது சொந்தக் குடும்பத்தார். தொடர்கொலையாளி என்பவன் அரிதிலும் அரிது. அந்த அரிதானவனைப் பற்றி நானூறு பக்கம் படித்துவிட்டு இருட்டில் வரும் அந்நியனைப் பார்த்துப் பயப்படப் பழகுகிறோம், அடிக்கிற கணவனைப் பற்றி எழுதினால் "இது என்ன, தினமும் நடப்பதுதானே" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இந்தக் கவர்ச்சி நம் பயத்தையே திசை மாற்றிவிடுகிறது, என் கோபம் இதுதான்.

பழையதாள்:
அந்தக் கணக்கு சரி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் படிப்பது பயத்துக்காகவும் இல்லை, தற்காப்புக்காகவும் இல்லை. ஒருவன் ஏன் கொன்றான் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது, பெரும்பாலும் அதற்கு உருப்படியான பதிலும் கிடைப்பதில்லை. அவனை ஏன் இவ்வளவு நாள் பிடிக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பீட்டர் சட்கிளிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். போலீஸ் அவனை ஒன்பது தடவை விசாரித்து ஒன்பது தடவையும் விட்டுவிட்டது. 1977இல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கைப்பையில் புத்தம்புது ஐந்து பவுண்டு நோட்டு ஒன்று கிடைத்தது. அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு, எந்த வங்கியிலிருந்து எந்தெந்தக் கம்பெனிகளுக்குச் சம்பளப் பணமாகப் போயிருக்கும் என்று தேடிப்போனார்கள், அவன் லாரி ஓட்டிய கம்பெனி வரைக்கும் வந்தேவிட்டார்கள். அவனையும் விசாரித்தார்கள். வீட்டில் இருந்தேன் என்றான், வீட்டாரும் ஆமாம் என்றார்கள், கிளம்பிவிட்டார்கள். சேகரித்த தகவல் எல்லாம் அட்டைகளில் கிடந்தது. காகிதத்தின் பாரம் தாங்க அந்த அறையின் தரையையே பலப்படுத்த வேண்டி வந்தது, ஆனால் ஒரு அட்டையில் இருந்த பெயரை இன்னொரு அட்டையில் இருந்த அதே பெயரோடு சேர்த்துப் பார்க்க வழி இல்லை. 1979இல் எவனோ ஒருவன் "நான்தான் கொலையாளி" என்று கேசட்டில் பேசி அனுப்பினான். போலீஸ் அதை நம்பி, கேசட்டில் கேட்ட வட்டார உச்சரிப்பு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துக்கொண்டே போனது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். கேசட் அனுப்பியவன் டிஎன்ஏ மூலம் மாட்டியது 2005இல்.

இதில் எங்கே கொலையாளியின் புத்திசாலித்தனம் இருக்கிறது? முதலில் செத்த பெண்களைப் பாலியல் தொழிலாளிகள் என்று ஒதுக்கிவிட்டு, 16 வயதுப் பெண் ஒருத்தி செத்தபோதுதான் "அப்பாவி" என்ற சொல்லையே பத்திரிகைகள் எடுத்தன. அந்தப் பெண்களைப் பற்றி அந்தக் காலத்தில் பேசிய பேச்சுக்கு அந்தக் காவல்துறை மன்னிப்புக் கேட்டது 2020இல். இதையெல்லாம் ஒரு புத்தகம் பொறுமையாக எடுத்துச் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இரவுவாசகி:
இங்கிலாந்து டாக்டர் ஹரால்ட் ஷிப்மன் விஷயமும் இதே மாதிரிதான். வயதான நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கொன்றவர். 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை கிடைத்தது, பின்னால் நடந்த பொது விசாரணையில் 215 என்று தெரிந்தது. 1998 மார்ச்சிலேயே பக்கத்துக் கிளினிக் டாக்டர் ஒருவர் புகார் சொல்லிவிட்டார், இறுதிச் சடங்கு நடத்துபவர்களுக்கும் சந்தேகம் வந்திருந்தது. போலீஸ் மேலோட்டமாகப் பார்த்து மூடிவிட்டது, கைதாவதற்குள் இன்னும் மூன்று பேர் போனார்கள். நம்பகமான ஆள் என்றால் கேள்வியே கேட்க மாட்டோம் என்பதை இதைவிட அழுத்தமாக எது சொல்லும்?

செவ்வந்தி:
எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு கொலை நடந்தது, தொடர்கொலை எல்லாம் இல்லை, பல வருடம் ஆகிவிட்டது. ஒரு பத்திரிகை அதைத் தொடராகப் போட்டது. கடைசி நிமிடத்தில் அவள் யாரை நினைத்தாள், என்ன சொல்லிக் கெஞ்சினாள் என்று வசனத்தோடு எழுதியிருந்தார்கள். அந்த அறையில் இருந்தது அவளும் அவனும் மட்டும். அவன் வாய் திறக்கவில்லை. அப்படியானால் அந்த வசனம் எங்கிருந்து வந்தது? எங்கள் அத்தை இன்றைக்கும் அந்த வசனத்தை நிஜம் என்று நம்பி அழுகிறார்.

பழையதாள் சொல்கிற மாதிரிப் புத்தகங்கள் இருக்கலாம். ஆனால் பெரிய எழுத்தாளர்களே தாண்டாத கோடு இல்லை. நிஜக் கொலை ஒன்றைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்ட் பிளட்' 1966இல் வந்தபோது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்றுதான் சொல்லப்பட்டது, கடைசியில் வரும் கல்லறைக் காட்சி நடக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. செத்தவர் வாயில் வார்த்தை வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பழையதாள்:
செவ்வந்தி, அந்த வசன விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். தெரியாததைத் தெரியாது என்று எழுதத் துணிவில்லாதவர் இந்தப் பக்கமே வரக்கூடாது.

கூழாங்கல், ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் என்றீர்கள். ஹேலி ரூபன்ஹோல்ட் 2019இல் எழுதிய 'த ஃபைவ்' படித்திருக்கிறீர்களா? 1888இல் லண்டன் வைட்சேப்பலில் ஜாக் த ரிப்பர் கொன்ற ஐந்து பெண்களின் வாழ்க்கை. கொலைகளை அதில் அவர் விவரிக்கவே இல்லை. மேரி ஆன் நிக்கல்ஸ் அச்சுத் தொழிலாளியின் மனைவியாக இருந்தவர், அன்னி சாப்மனின் கணவர் பணக்கார வீட்டுக் குதிரைவண்டி ஓட்டியவர், எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடனிலிருந்து வந்தவர். ஐவரும் விலைமாதர் என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வந்தார்களே, அவர்களில் மூன்று பேர் விஷயத்தில் அதற்கு ஆதாரமே இல்லை என்கிறார். கொலையாளி யார் என்று ஒரு வரி கூட ஊகிக்காமல் ஒரு புத்தகத்தை விடாமல் படிக்க வைக்க முடிகிறது.

கூழாங்கல்:
அதைப் படிக்கிறேன், நன்றி. ஆனால் அது விதிவிலக்கு. அதற்காக மற்றதெல்லாம் நல்லதாகிவிடாது. ரிப்பர் யார் என்று ஊகித்து எழுதிய புத்தகங்கள் எத்தனை, இந்தப் பெண்களைப் பற்றி எத்தனை? விற்பது எது என்று உங்களுக்கும் தெரியும். என்னைக் கேட்டால் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எழுதவே கூடாது.

இரவுவாசகி:
அனுமதி என்று வைத்தால் பல பேரைப் பற்றி எழுதவே முடியாது. அமெரிக்காவில் கேரி ரிட்ஜ்வே 49 கொலைகளுக்குத் தண்டனை பெற்றவன். தேடி வர ஆள் இல்லாத பெண்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று அவனே வாக்குமூலம் கொடுத்தான். நிறையப் பேர் வீட்டைவிட்டு ஓடி வந்த பதின்வயதுப் பெண்கள். 1985இல் கிடைத்த ஒருத்தியின் எலும்புகளுக்கு 2023இல்தான் பெயர் தெரிந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் எந்தக் குடும்பத்திடம் போய் அனுமதி கேட்பது? வீட்டில் கொடுமை தாங்காமல் ஓடி வந்த பெண் என்றால், அந்த வீட்டுக்காரர்கள் சம்மதித்தால்தான் அவள் கதை வெளியே வரும் என்பது நியாயமா?

செவ்வந்தி:
அனுமதி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதும் முன் எங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு கடிதம் போடுங்கள், பதில் வராவிட்டால் இன்னொன்று போடுங்கள், அதன் பிறகு எழுதுங்கள். எங்களுக்கு யாரும் ஒன்று கூடப் போடவில்லை. கடையில் தொங்கிய போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.