கர்த்தர் காத்திரு என்கிறாரா, இல்லை என்கிறாரா? உதவி வேண்டும்

எட்டு மாதமாக ஒரே விஷயத்துக்காக ஜெபிக்கிறேன். என்னோடு பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனோடு மறுபடி சமாதானம் ஆக வேண்டும். முதல் இரண்டு மாதம் அழுது ஜெபித்தேன், மனசு லேசானது. அப்புறம் வறண்டுவிட்டது. முழங்கால் போட்ட ஐந்தாம் நிமிஷம் கண் கடிகாரத்துக்குப் போகிறது. ஆராதனையில் வாய் பாடுகிறது, உள்ளே சத்தமே இல்லை.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். விடியற்காலை ஜெபத்துக்கு மாறினேன். சங்கீதங்களைச் சத்தமாக வாசித்தேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறதே மத்தேயு 5, அதையும் செய்தேன்: மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

விசுவாசம் போதவில்லை என்கிறார்கள் சிலர். சரி, இருக்கலாம். ஆனால் அப்போஸ்தலன் பவுலுக்கா விசுவாசம் குறைவு? மூன்று முறை வேண்டியும், மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபாதை நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்பதுதான் பதில். பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியன் ஏலி நினைத்தார். அவளுக்கு மகன் சாமுவேல் கிடைத்தான். தீர்க்கதரிசி தானியேலின் வார்த்தைகள் முதல் நாளே கேட்கப்பட்டன, ஆனால் தூதன் பதிலோடு வந்து சேர 21 நாள் தடை. மூவரும் உண்மையாய்த்தான் ஜெபித்தார்கள்.

இப்போது நாக்கில் ஒட்டுவது இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதம் மட்டும்தான்.

இப்படி நீண்ட மௌனத்தைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: கர்த்தர் ‘காத்திரு’ என்கிறார், ‘இல்லை’ என்று சொல்லவில்லை என்பதை நீங்கள் எதை வைத்துக் கண்டுகொண்டீர்கள்?