ஃபாயா பாடல்களும் ஃபிளமெங்கோவும்: ஆட்டப் பலகைக்கு யோசனை தேவை

ஸ்பெயினின் கிரானடாவில் ஒரு இசை நிகழ்ச்சி; 50 பேர் அமரும் கூடம், மைக் கிடையாது. முதலில் ஸ்பானிய இசையமைப்பாளர் மானுவல் தே ஃபாயா 1914-ல் முடித்த ஏழு ஸ்பானிய நாட்டுப்பாடல்கள், பியானோவுக்குப் பதில் கிட்டாருடன். பிறகு தெற்கு ஸ்பெயினின் பாட்டு-ஆட்டக் கலையான ஃபிளமெங்கோவில் சோலேயா என்ற வகை, ஆட்டத்தோடு.

சிக்கல் தரையில்தான். டைல்ஸ் மேல் ஆடினால் முட்டி போய்விடும், காலடிச் சத்தமும் சப்பென்றிருக்கும். ரீப்பர் சட்டத்தில் 18 மி.மீ. பிளைவுட் அறைய எண்ணம். அடியில் வெற்றிடம் அதிகமானால் பறை மாதிரி அதிர்ந்து கிட்டாரை விழுங்கிவிடும். ரப்பர் ஷீட்டா, கம்பளமா, எதை விரித்தால் குதிகால் அடி தெளிவாகக் கேட்கும்? சோலேயாவின் 12 எண்ணிக்கைத் தாளத்தில் 3, 6, 8, 10, 12 அழுத்தங்கள் மங்கினால் கைதட்டுபவர்கள் தடுமாறுவார்கள்.

ஏழு பாடல்களில் 'நானா' தாலாட்டைக் கடைசிக்குத் தள்ளச் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை, ஃபாயாவின் வரிசைப்படி 'போலோ' பாடலில் முடித்தால்தானே சோலேயா பொருந்தும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.