மனேதோவின் அரசர் பட்டியலை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்)

வணக்கம். சில வாரங்களாகக் கன்னிமாரா நூலகத்தில் எகிப்து வரலாறு படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மனேதோ என்ற எகிப்தியப் பூசாரி கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றில் அரசர்களை 30 மரபுகளாகப் பிரித்தார். ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பகுப்பையே கையாளுகிறார்கள். ஆனால் ஏழாம் மரபில் 70 அரசர்கள் 70 நாள் ஆண்டார்கள் என்பதும் அவர் பெயரில்தான் வருகிறது. இப்படிப்பட்டவரை எப்படிச் சான்றாகக் கொள்வது?

பதில் 1 (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தாம்பரம்)

ஐயா, மனேதோவின் மூலநூல் இன்று இல்லை. யோசேபஸ், ஆப்பிரிக்கானஸ், யூசேபியஸ் ஆகிய பிற்கால எழுத்தாளர்கள் தத்தம் வாதத்துக்காக எடுத்தாண்ட பகுதிகள்தாம், அவையும் பல கை மாறிப் படியெடுக்கப்பட்டு, நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் 70 நாள் கணக்கு ஆப்பிரிக்கானஸ் வழி வந்தது. யூசேபியஸ் வழியில் அதே மரபுக்கு 5 அரசர்கள், 75 நாள். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை தமிழருக்குப் புதிதல்லவே. மாறாக, யோசேபஸ் தரும் பட்டியலில் 66 ஆண்டு 2 மாதம் என்று ஓர் ஆட்சிக்காலம் இருக்கிறது. அது இரண்டாம் ராம்சேஸின் காலத்து ஆவணங்களோடு பொருந்துகிறது. ஏறத்தாழ 900 ஆண்டுக்குப் பின் வந்தவர் இதைக் கற்பனையாக எழுதியிருக்க முடியாது. கோயில் ஏடுகள் அவர் முன் இருந்திருக்க வேண்டும்.

எகிப்தின் அபிடோஸில் முதலாம் சேத்தி என்ற அரசரின் கோயில் சுவரில் உள்ள 76 அரசர் பெயர்களையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அவருக்கு முன் ஆண்ட ஹாட்ஷெப்சுட், அக்கெநாதன், துட்டன்காமுன் மூவரும் அதில் இல்லை. திதியின்போது சொல்லும் முன்னோர் பெயர்வரிசையைப் போல, படையலுக்கு உரியவர் என்று சேத்தி ஏற்றுக்கொண்டவர்களுக்கே அங்கு இடம் கிடைத்தது.

பதில் 2 (எழும்பூர்)

நம் ஏடுகளிலும் இதே நிலைதான். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்குத் தரும் 4440, 3700, 1850 ஆண்டுகளை 37ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றும் மீதியின்றி வகுபடும். நடந்த காலம் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டிலோ சூரியனிலிருந்து தொடங்கும் சோழர் வழி, விசயாலயனுக்குப் பிறகு கல்வெட்டுகளோடு ஒத்துப்போகிறது. ஆகவே ஒரே ஏட்டுக்குள்ளும் வரிக்கு வரி எடைபோட்டே தீர வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எகிப்தை ஆண்ட அயல்நாட்டவரான ஹிக்சோஸ் பற்றிய பகுதியை அவ்வாறே ஒப்பிட்டேன். ராம்சேஸ் காலத்தில் வரிக்கணக்கு ஏட்டின் பின்புறம் எழுதப்பட்ட அரசர் பட்டியலான தூரின் பாப்பிரஸும் யோசேபஸ் வழி வந்த மனேதோவும் ஆறு அரசர்கள் என்றே சொல்கின்றன. ஆண்டுகளின் கூட்டுத்தொகை மட்டும் பாப்பிரஸில் 100 சொச்சமாகவும் யோசேபஸிடம் ஏறக்குறைய 260 ஆகவும் இருக்கிறது. ஆறு பேர் என்பதை ஏற்று, 260ஐ என் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன்.