சாலையோரப் பள்ளத்தில் நின்ற கஞ்சா

போன ஆகஸ்ட். அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு ஜல்லிச் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது செயின் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டும்போது மூக்கில் ஒரு பச்சை நெடி. நிமிர்ந்து பார்த்தால் ஓரப் பள்ளத்தில் கஞ்சாச் செடி, என் தலைக்கு மேலும் மூன்று நான்கு அடி, ஏழு விரல் இலையோடு. ஒன்றிரண்டல்ல, ரயில் பாதை வரை புதராக நிற்கிறது. விசாவில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் தாவரவியலா தோன்றும்? செயினை அரைகுறையாக மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். "அதுவா, டிச் வீட், பள்ளத்துக் களை. புகைத்தால் தலைவலிதான் வரும்" என்றார். அவருடைய அப்பா போர்க்காலத்தில் அரசாங்கத்துக்காகப் பயிரிட்ட ஹெம்ப்பின், அதாவது நாருக்காக வளர்க்கும் கஞ்சா ரகத்தின், வாரிசாம். நான் நம்பவில்லை, தேடிப் படித்தேன். உண்மைதான். 1942-இல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் மணிலா நார் வரத்து நின்றுபோனது. கப்பல்களுக்குக் கயிறு வேண்டும். 1937-இல் வரிச்சட்டம் போட்டு முடக்கிய அதே செடியை விதைக்கச் சொல்லி, வேளாண் துறை 'ஹெம்ப் ஃபார் விக்டரி' என்று படமே எடுத்தது! மத்திய மேற்கு மாநிலங்களில் 42 நார் ஆலைகள் கட்டத் திட்டமிட்டார்கள். போர் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

உதிர்ந்த விதை மட்டும் தங்கிவிட்டது. எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். வயலில் விதைக்கும் ரகம் ஒரே நேரத்தில் முளைக்கும், விதையையும் கதிரிலேயே பிடித்து வைத்திருக்கும். பள்ளத்தில் அப்படி இருந்தால் பிழைக்க முடியாது. பழுத்ததும் தானே உதிர்ப்பவையும், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து முன்பின்னாக முளைப்பவையும்தான் தலைமுறை தலைமுறையாக மிஞ்சின. பல வருடங்களில் போதைத் தடுப்புத் துறை பிடுங்கியதாகக் கணக்குக் காட்டிய செடிகளில் பெரும்பங்கு போதையே இல்லாத இதுதான்.

அம்மாவுக்கு போனில் விளக்கத்தான் படாத பாடு பட்டேன். சணல் என்றால் சாக்குப் பை என்கிறார், கஞ்சா என்றால் ஊருக்கே திரும்பி வந்துவிடு என்கிறார்.

---

உங்கள் பதிவைப் படித்தேன். பள்ளத்துக் கஞ்சாவைப் பார்த்து நீங்கள் ஓடி வந்துவிட்டீர்கள், நாங்கள் அதைத் தேடிப் போனோம். ஹெம்ப் பயிரிட அனுமதித்த 2018 சட்டத்துக்குப் பிறகு, நண்பர் ஒருவர் விஸ்கான்சினில் சிபிடி எண்ணெய்க்காக (பூவிலிருந்து எடுக்கும், போதை தராத எண்ணெய்) ஹெம்ப் போட்டார். அதற்குப் பெண் செடி மட்டும்தான் வேண்டும். மகரந்தம் பட்டால் பூ விதை கட்டிவிடும், விலை போகாது. பள்ளத்து ஆண் செடிகளின் மகரந்தமோ காற்றில் மைல் கணக்கில் போகும். ஜூலை முழுக்கச் சனிக்கிழமைதோறும் பக்கத்து ஓடைக்கரைகளில் ஆண் செடி பிடுங்கினோம். அப்படியும் அந்த வருடம் பாதிப் பூவில் விதை.

---

நான் டேராடூனில் வேலை பார்த்தபோது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே இந்தச் செடி வளர்ந்து கிடந்தது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே எது காட்டுச் செடி, எது தோட்டத்திலிருந்து தப்பியது என்று பிரிப்பது கஷ்டம். வீட்டுக்காரம்மா உத்தராகண்டின் குமாவூன் மலைப்பகுதிக்காரர். பாங் விதையை, அதாவது கஞ்சா விதையை, வறுத்து, எலுமிச்சை பிழிந்து துவையல் அரைப்பார். கிட்டத்தட்ட நம் எள்ளுத் துவையல் மாதிரி. முதல் நாள் பயந்து பயந்து தொட்டுக்கொண்டேன். அப்புறம் கிண்ணத்தை வழித்தேன்.